அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ரைபிள்

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்திலிருந்து 53 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தந்தை தொண்ணூற்றைத் தாண்டிய வயதில் சென்ற ஆண்டு காலமானார். ஈசூனில் இருந்த பழைய வீட்டைக் காலி செய்தபோது, கட்டிலுக்கடியில் இருந்த தகர டிரங்குப் பெட்டியில் கோணிச் சாக்கு சுற்றிய ரைபிள் ஒன்று கிடைத்திருக்கிறது. கூடவே ஒரு கிளிப்பில் செருகிய ஐந்து தோட்டாக்கள், சில பழைய காகிதங்கள், அப்பா இளம் வயதில் ஜொகூர்த் தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்ததற்கான அடையாள அட்டை. துப்பாக்கியின் மேல் கிரீடம், 'ஜிஆர்ஐ', 'ஈஷாப்பூர்', '1942' என்று பொறித்திருக்கிறது. முன்பக்க மரக்கட்டை ரம்பத்தால் பாதியில் அறுக்கப்பட்டிருக்கிறது. தோளில் பதியும் இடத்தில், தோட்டத்து ஷீட் ரப்பர் துண்டு ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறார் அப்பா. "காட்டுப்பன்றி சுட்டது" என்கிறார் அம்மா. "அதெல்லாம் இல்லை, தாத்தா நேதாஜி படையில் வைத்திருந்தது" என்கிறார் அத்தை.

வாசகர் அதைப் பாய்க்குள் சுருட்டி, தம் வேனில் செங்காங்குக்குக் கொண்டுவந்து, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம்ப் ஷெல்டரில் வைத்திருக்கிறார். தேசிய சேவையில் இருக்கும் 20 வயது மகன், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகமான போல்ட்டைக் கழற்றி மைலோ டின்னில் போட்டுவிட்டு, துப்பாக்கிக்கு எண்ணெய் அடித்திருக்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமும் போட்டாகிவிட்டது. இனி அவர் கேட்பது: குழாயில் துளை போட்டு, போல்ட்டை வெல்டிங் வைத்து, சுடவே முடியாமல் செய்துவிட்டால் சுவரில் மாட்டிக்கொள்ளலாமா? இந்த ஊர் ஈரக் காற்றில் துருப்பிடிக்காமல் எப்படிப் பாதுகாப்பது? இரண்டும் முடியாதென்றால் மலேசியாவின் குளுவாங்கில் இருக்கும் மைத்துனரிடம் கொடுத்துவிடலாமா? "போலிசுக்குச் சொன்னால் நானே மாட்டிக்கொள்வேனோ என்று தூக்கம் வரவில்லை."

கடிதம் கிடைத்த அன்றே, உடனே செய்ய வேண்டியதை அவருக்குத் தனியாகத் தெரிவித்துவிட்டேன். மற்ற குடும்பங்களிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும் என்பதால் அவர் சம்மதத்துடன் முழுப் பதிலும் இங்கே.

ஐயா, வணக்கம். அப்பாவை இழந்த வருத்தத்துக்கிடையே இந்தத் தலைவலியும் சேர்ந்திருக்கிறது. சுற்றிவளைக்காமல் பேசுகிறேன்.

ஷெல்டர் கதவைச் சாத்துங்கள். துப்பாக்கி, மைலோ டின், தோட்டாக்கள் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே இருக்கட்டும். போல்ட்டை மறுபடியும் பொருத்தி 'பழையபடி' ஆக்க வேண்டாம். குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசுங்கள். அன்றைக்கே, முடிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள், போலிசின் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள். வழக்கறிஞர் கிடைக்கவில்லை என்பதற்காக 999ஐ நாளைக்குத் தள்ள வேண்டாம்.

உங்கள் கடிதம் முழுக்க ஒரு நம்பிக்கை ஓடுகிறது: இது பழைய இரும்பு, ஆயுதம் இல்லை என்று. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

பழசு என்றால் ஆயுதம் இல்லையா?

1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம், ஊரில் துப்பாக்கிக் கொள்ளைகள் மலிந்திருந்த காலத்தில் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அத்துடன் குறைந்தது 6 பிரம்படி. அதில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தில் துப்பாக்கியின் பாகங்களும் அடங்கும். ஆகவே 'கழற்றிவிட்டோம், இனி அது துப்பாக்கி இல்லை' என்று உங்கள் மகன் நினைத்தது தவறு. மைலோ டின்னில் கிடக்கும் போல்ட்டும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். ஐந்து தோட்டாக்கள் தனிக் கணக்கு.

பெண்களுக்கும், ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் இங்கே பிரம்படி கிடையாது. உங்களுக்கு 53. பிரம்படிக்குப் பதிலாக 12 மாதம் வரை கூடுதல் சிறை விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்பதோடு அது நிற்கும். உங்கள் மகனுக்கு 20. வெல்டிங், துளை என்று வீடியோ பார்த்துத் திட்டம் போடும்போது அந்த வேலையை யார் கையால் செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

'ஆன்டிக்' என்று ஐந்தாறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது அமெரிக்க வீடியோக்களில் வரும் சொல். அங்கே மத்தியச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்ததுதான் பொதுவாக அந்தப் பெயருக்குள் வரும். 1942இல் செய்தது அங்கேகூட அதில் சேராது. சிங்கப்பூருக்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. பிஸ்டல் வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரையே உள்ளே விடாத ஊர் இது. ஊருக்குப் போய் வந்த பையில் அப்படி ஒரு லைட்டரைப் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங் வைத்தால்?

நீங்கள் பார்த்த பிரிட்டிஷ் வீடியோவில், செயலிழக்கச் செய்த துப்பாக்கியைச் சுவரில் மாட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் அங்கேயும் வீட்டுக் காரேஜில் துளை போட்டு மாட்டுவதில்லை. நிர்ணயித்த முறைப்படி வேலை நடந்து, சோதனைக்கூடம் பார்த்து முத்திரை குத்தி, சான்றிதழ் கொடுக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத வெல்டிங்கை எந்த நாட்டுப் போலிசும் நம்பாது. சுட முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது ஆய்வுக்கூடம், வெல்டிங் வைத்தவர் அல்ல.

இங்கே நிலைமை இன்னும் கடுமை. துப்பாக்கியைச் செய்வது, பழுதுபார்ப்பது, மாற்றியமைப்பது எல்லாமே அனுமதி வேண்டிய வேலைகள். 1913ஆம் ஆண்டுப் பழைய சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கி செய்வதற்கான மின்னிலக்க வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. கோப்பு ஒன்றைக் கணினியில் வைத்திருப்பதற்கே அந்தப் பார்வை என்றால், நிஜ ரைபிளில் டிரில் ஓட்டுபவரை எப்படிப் பார்ப்பார்கள்? நீங்கள் நல்ல எண்ணத்தோடு, சுட முடியாமல் செய்யத்தான் கைவைக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கு என்று வந்தால், கட்டிலுக்கடியில் எதிர்பாராமல் கண்டெடுத்தவர் என்ற நிலையிலிருந்து நீங்கள் இறங்கி, ஆயுதத்தில் வேலை செய்தவர் என்ற நிலைக்குப் போய்விடுகிறீர்கள். முதலாமவருக்காக வாதாட என்னிடம் நிறையச் சொல் இருக்கிறது. இரண்டாமவருக்கு அவ்வளவு இல்லை.

அப்பா அறுத்த கட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது என்னைக் கவர்ந்தது. போருக்குப் பின் உபரியாகவும் வேறு வழிகளிலும் கைமாறிய ராணுவ ரைபிள்களை, எடை குறைய முன்கட்டையை அறுத்து வேட்டைக்கு ஏற்றபடி ஆக்குவது உலகம் முழுவதும் நடந்தது. தோள் வலிக்காமல் இருக்க ஷீட் ரப்பரை ஆணியடித்தது மட்டும் அசல் மலாயாத் தோட்டத்து மூளை. அந்த ரப்பர் துண்டையும் பிடுங்காதீர்கள்.

துருப்பிடிக்காமல் வைப்பது எப்படி என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வீட்டில் வைக்க வழியே இல்லாத பொருளுக்குப் பாதுகாப்பு முறை எதற்கு? உரிமம் பெற்ற விளையாட்டு வீரர்கள்கூடத் தங்கள் துப்பாக்கியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வதில்லை. சுடுதளத்தின் ஆயுதக் கிடங்கில் வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள். சிலிக்கா ஜெல் வாங்கிய பணத்தை மறந்துவிடுங்கள். எண்ணெய் அடிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

1942 என்ற எண்

நான் ஆயுத வல்லுநர் இல்லை. ஆனால் சான்றுப் பொருளை உற்றுப் பார்ப்பது என் தொழில். அத்தை சொல்வது சரியாக இருக்குமா என்று உங்கள் படத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஈஷாப்பூர் என்பது கல்கத்தாவுக்கு அருகே இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கே செய்த லீ என்ஃபீல்டு ரைபிள்கள்தான் இந்தியப் படையின் கையில் இருந்தவை. 'ஜிஆர்ஐ' அன்றைய மன்னரின் முத்திரை. சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. அன்று மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்த பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றிய ஆயுதங்களிலிருந்துதான் இங்கே உருவான இந்திய தேசிய ராணுவத்துக்கு ரைபிள்கள் கிடைத்தன. அந்த ஆண்டு பிறந்து ஆறு வாரத்துக்குள் வங்காளத்தில் செய்து, சோதித்து, கப்பலேற்றி, குண்டு விழுந்துகொண்டிருந்த துறைமுகத்தில் இறக்கியிருக்க வேண்டும். நடக்கக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை. ஈஷாப்பூர் 1942 முத்திரையோடு இங்கே வந்த ரைபிள், 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியபோது கரையிறங்கிய இந்திய 5ஆவது டிவிஷனோடோ, அதற்குப் பிறகோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தாத்தா நேதாஜி படையில் இருந்தாரா என்பதை இது தொடவே இல்லை. இருந்திருக்கலாம். எத்தனையோ தோட்டத் தொழிலாளர்கள் பால்மரத்தைவிட்டுப் படையில் சேர்ந்தார்கள். இந்தத் துப்பாக்கி அவருடையதாக இருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் சொல்கிறேன்.

பெட்டியில் இருந்த அடையாள அட்டை வேறு கதை சொல்கிறது. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் தொடங்கியதும் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். அவர்கள் தோளில் தொங்கியது இதே ரக ரைபிள். அப்பா அந்த வேலையில் இருந்தார், பின்னாளில் பன்றி சுட்டார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இது திருப்பிக் கொடுக்காமல் விட்டுப்போன அரசாங்கத் துப்பாக்கியாகவும் இருக்கக்கூடும். ஊகம்தான். ஆனால் அதில் ஒரு சட்டக் குறிப்பு இருக்கிறது. 'பரம்பரைச் சொத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கே சொந்தமில்லாத பொருள் வாரிசுக்கு வராது. அப்பாவின் பெயரில் ஏதாவது ஒரு காலத்தில் உரிமம் இருந்திருந்தாலும் அது அவருக்குத் தந்தது, உங்களுக்கு மாறாது.

குளுவாங், ஆறு, குப்பைத் தொட்டி

மூன்றும் வேண்டாம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் துப்பாக்கியோடு கடப்பது என்ற நினைப்பையே விடுங்கள். அக்கரையிலும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காத்திருக்கிறது: உரிமமில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படிக்குக் குறையாமல். மைத்துனர் என்ன பாவம் செய்தார்? ஆற்றில் எறிந்தால், அறுத்துக் குப்பையில் போட்டால், அது தடயத்தை அழித்ததாகும். நீதியின் போக்கைத் தடுத்த குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. வாட்ஸ்அப் படத்துக்கும் இதே பதில்தான். அழிக்காதீர்கள், குழுவில் யாரையும் அழிக்கச் சொல்லாதீர்கள். புதிதாக யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

போலிசை எப்படி அழைப்பது?

இந்த இடத்தில் உங்கள் பயத்தை நான் இலேசாக நினைக்கவில்லை. நம் சமூகத்துக்குத் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வரும் ஒரு பெயர் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. அவசரகாலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்ததற்கே மரண தண்டனை. ரவாங் அருகே கைத்துப்பாக்கியோடு பிடிபட்டவரை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கண்டெடுத்ததைப் போலிசில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். அரசியல் காரணங்கள் வேறு, காலம் வேறு. அந்தக் கதையை நான் எடுத்தது ஒன்றுக்காக: கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வழியில் நிறுத்தப்பட்டால், 'ஒப்படைக்கப் போகிறேன்' என்பது உங்கள் வாய்ச்சொல் மட்டுமே. வீட்டிலிருந்தே அழைத்தால், அழைத்த நேரமே பதிவாகிவிடுகிறது. அக்கம்பக்கப் போலிஸ் நிலையம் நடை தூரத்தில் இருந்தாலும் இதுதான் முறை. என் அலுவலகத்துக்கும் கொண்டுவந்துவிடாதீர்கள். நானும் அதை வாங்கி வைக்க முடியாது.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இறந்துபோன அப்பாவின் பெட்டியில் பழைய ராணுவத் துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன, இப்போது இந்த முகவரியில் இந்த அறையில் இருக்கின்றன, இனி யாரும் தொடமாட்டோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். போர்க்கால வெடிபொருள் என்றால் ராணுவத்தின் வெடிபொருள் அகற்றும் பிரிவை அழைப்பது வழக்கம். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் 100 கிலோ குண்டை அகற்றியது அவர்கள்தான். ஐந்து தோட்டாவுக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. என்றாலும் அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

வாக்குமூலம் எடுப்பார்கள். ஈசூனிலிருந்து வேனில் கொண்டுவந்ததையும், மகன் போல்ட்டைக் கழற்றியதையும் மறைக்கக் கூடாது. அவற்றை எப்படிச் சொல்வது என்பதற்காகத்தான் வழக்கறிஞரிடம் முதலில் பேசச் சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தாதீர்கள். எழுபது ஆண்டு நினைவில் முன்பின் முரண் இருக்கத்தான் செய்யும். சொல்லிக்கொடுத்த பேச்சுதான் சந்தேகத்தைக் கிளப்பும். மகனை முகாமிலிருந்து அவசரமாக வரவழைக்கவும் தேவையில்லை. ஆனால் விசாரணைக்கு அழைப்பு வரும் என்பதை அவன் உங்கள் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டிக்கொள்வேனா என்று கேட்டீர்கள். பொய்யான ஆறுதல் சொல்லமாட்டேன்: தாமாக ஒப்படைத்தவருக்குக் கட்டாய மன்னிப்பு என்று ஒரு பிரிவை நான் உங்களுக்குக் காட்ட முடியாது. குற்றம் சாட்டுவதா, எந்தச் சட்டத்தின் கீழ், எச்சரிக்கையோடு விடுவதா என்பதெல்லாம் தலைமைச் சட்ட அதிகாரியின் விருப்புரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. அவர் மேசைக்குப் போகும் கோப்பில், சாவு வீட்டைக் காலி செய்யும்போது கண்டெடுத்து, தாமாக அழைத்து ஒப்படைத்தவர் என்று இருக்க வேண்டும். தெரிந்தும் வைத்திருந்த நாள்கள் கூடக் கூட அந்த வரி மெலிந்துகொண்டே போகும். பெட்டியைத் திறந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போகுமா என்றும் ஒரு வரி இருந்தது. ஒப்படைக்கும்போதே அந்த விருப்பத்தை எழுத்தில் கொடுங்கள். கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், அழிக்கப்படவும் கூடும்.

ஆனால் அம்மா இருக்கிறார். தோட்டத்து வேலி, ஊரடங்கு, ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அப்பா, பன்றிக்கறி பங்கு போட்ட கதை எல்லாம் அவரிடம் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இப்படிப்பட்ட நினைவுகளைத்தான் பதிவு செய்துவருகிறது. விசாரணை எல்லாம் முடிந்த பிறகு அவர்களுக்கு எழுதுங்கள். கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் அந்த அடையாள அட்டையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

டிரங்குப் பெட்டியையும் காகிதங்களையும் போலிஸ் சான்றாக எடுத்துப் போனால் ரசீது வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கு முடிந்ததும் திருப்பித் தரும்படி கேளுங்கள். அதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை.